வயலில் வெயிலில் நிற்கும் ஸ்டார்ட்டர் பெட்டி: ஏபிஎஸ் வெடிக்கிறது, எந்த பிளாஸ்டிக்குக்கு மாறலாம்?

பீளமேடு மோல்டர் (கேள்வி)

வணக்கம். கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டி மோல்டு செய்து கொடுக்கிறோம். அடிப்பெட்டி ஒன்று, மூடி ஒன்று. மூடி 180 × 140 மி.மீ., ஆழம் 60, சுவர்த் தடிமன் 2.5 மி.மீ. நான்கு மூலையிலும் ஒரு திருகு. ஐவரி நிறம், சாதாரண ஏபிஎஸ் (ஆக்ரிலோநைட்ரைல்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் பிளாஸ்டிக்).

மோட்டார் ரூமுக்குள் மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. வயலில் கல்தூணில் நேரடி வெயிலில் மாட்டியவைதான் பிரச்சினை. ஒரு கோடை தாண்டினால் மஞ்சளாகிவிடுகிறது, தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. இரண்டாவது கோடைக்குள் திருகு ஓட்டையில் ஆரம்பித்து விளிம்பு வரை விரிசல் ஓடிவிடுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போகிறது, உள்ளே 415 வோல்ட் இருக்கிறது. இதை இப்படியே விட முடியாது.

மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிறார்கள். ஏபிஎஸ்ஸிலேயே யூவி மாஸ்டர்பேட்ச் (புற ஊதாத் தடுப்பு செறிவாகக் கலந்த குருணை) சேர்த்தால் போதும் என்கிறார் ஒருவர். பாலிகார்பனேட்டுக்கு (பிசி) போ என்கிறார் இன்னொருவர். பிபிசிபி (பாலிப்ரொப்பிலீன் கோபாலிமர், ஒரு வகை பிபி) கறுப்பு போடு, விலையும் குறையும் என்பது மூன்றாவது. மெஷின் மோல்டை மூடிப் பிடிக்கும் விசை 130 டன், குருணையை உலர்த்தும் ஹாப்பர் டிரையர் 90 டிகிரி வரைதான் போகும். வருடத்துக்கு 6000 செட். புது மோல்டு போடும் நிலையில் இப்போது இல்லைங்க. இருக்கிற மோல்டில் எது ஓடும், எது ஐந்து வருடமாவது வெயிலில் நிற்கும்?

பாலிமர் மேசை

முதலில் ஏன் வெடிக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் அந்த மூன்று யோசனையில் எதைத் தள்ளுவது என்று தானாகவே தெரிந்துவிடும்.

அடி தாங்கும் குணம் ஏபிஎஸ்ஸுக்கு அதிலுள்ள பியூட்டாடையீன் ரப்பரால் வருகிறது. அந்த ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் கை வைப்பது அங்கேதான். ரப்பர் கெட்டதும் மேல்தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பது இன்னமும் நல்ல ஏபிஎஸ்தான். ஆனால் தோலில் விழுந்த நுண்விரிசல் அந்த நல்ல பகுதியையும் கிழித்துக்கொண்டு போகிறது.

இதை உங்கள் கையாலேயே பார்க்கலாம். திரும்பி வந்த ஒரு மூடியிலிருந்து 10 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டை அறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை, வெயில் பட்ட பக்கம் வெளிவளைவில் வரும்படி மடக்குங்கள், பட்டென்று முறியும். மற்றதைத் திருப்பிப் பிடித்து, வெயில் பட்ட பக்கம் உள்வளைவில் வரும்படி மடக்குங்கள். வெள்ளை பூத்து வளையும், அவ்வளவு சீக்கிரம் முறியாது. ஒரே மூடி, ஒரே தடிமன். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த மெல்லிய தோல் மட்டும்தான்.

யூவி மாஸ்டர்பேட்ச் இந்தச் சிதைவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. ரப்பரின் பலவீனம் அப்படியே இருக்கிறது. நிழலில் மாட்டும் பொருளுக்கு அது சரி. கல்தூணுக்கு ஐந்து வருடம் என்றால் நான் அதை நம்ப மாட்டேன்.

உங்களுக்கு நேர் பதில் ஏஎஸ்ஏ. ஏபிஎஸ்ஸில் பியூட்டாடையீன் இருக்கும் இடத்தில் அக்ரிலேட் ரப்பர் வைத்த பொருள் இது. அந்த ரப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. சுருக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 சதவீதம், எனவே உங்கள் மோல்டைத் தொட வேண்டியதில்லை. அடர்த்தி 1.05-க்குப் பதில் 1.07, எடையும் கிட்டத்தட்ட அதேதான். கிலோ விலை ஏபிஎஸ்ஸை விடக் கூடுதல், அது உண்மை. 6000 செட்டுக்கு வரும் கூடுதல் செலவை, வயலுக்குப் போய் மாற்றிக் கொடுக்கும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

பாலிகார்பனேட்டும் சுருக்கத்தில் இதே வரிசைதான், 0.5 முதல் 0.7. அளவு பொருந்தும். ஆனால் உங்கள் டிரையர் பொருந்தாது. அதை 120 டிகிரியில் 3–4 மணி நேரம் உலர்த்தி ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். 90 டிகிரியில் எவ்வளவு நேரம் போட்டாலும் அது நடக்காது. ஈரத்தோடு ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும் பேரலுக்குள்ளேயே சங்கிலி அறுபட்டுவிடும். பார்க்க நன்றாக இருக்கும், விழுந்தால் உடையும். இன்னொன்று, மூடியின் பரப்பு சுமார் 250 சதுர செ.மீ. ஏபிஎஸ், ஏஎஸ்ஏவுக்கு சதுர செ.மீ.க்கு 0.4 டன் வைத்தால் 100 டன், உங்கள் மெஷினில் அடங்கும். பிசிக்கு 0.5-க்கு மேல் வைக்க வேண்டும், 130 டன்னில் பிளாஷ் அடிக்கும் (மோல்டு இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்கும்).

"பிசி/ஏபிஎஸ் கலவை" என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள்ளும் அதே பியூட்டாடையீன்தான். வெளிப்புறத்துக்கு என்றால் பிசி/ஏஎஸ்ஏ.

ஷாப் ஃப்ளோர்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஏஎஸ்ஏ ஓட்டும்போது எங்கே கோட்டை விடுவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உலர்த்தல் 80–85 டிகிரி, 3 மணி நேரம். உங்கள் டிரையர் போதும். மெல்ட் (உருகிய பிளாஸ்டிக்) 230 முதல் 260, மோல்டு 50 முதல் 70. குளிர்ந்த தண்ணீரை நேராக விட்டு 25 டிகிரியில் ஓட்டாதீர்கள்; சைக்கிள் நேரம் குறையும், ஆனால் உள்ளே தகைவு (உள் இறுக்கம்) அடைபட்டு நிற்கும். அந்தத் தகைவும் வெயிலும் சேர்ந்துதான் மூலையைப் பிளக்கிறது.

பேரலில் மிச்சமிருக்கும் ஏபிஎஸ்ஸைச் சுத்தமாகத் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். அதைவிட முக்கியம், மூலையில் குவிந்திருக்கும் ஏபிஎஸ் ரன்னர் (மோல்டின் ஓட்டப் பாதையில் உறைந்த தண்டு) அரைத்ததை ஏஎஸ்ஏவில் கலக்கவே கூடாது. இரண்டும் நன்றாகக் கலக்கும், நிறமும் ஒத்துப்போகும். அதனால்தான் ஆபத்து: பணம் கொடுத்து வெளியேற்றிய பியூட்டாடையீனை நீங்களே திரும்ப உள்ளே விடுகிறீர்கள். ஏஎஸ்ஏவின் சொந்த ரன்னரை அரைத்து 15 சதவீதம் வரை போடலாம், அதுவும் கருகாமல், ஈரமில்லாமல் இருந்தால்.

நிறத்துக்குப் போடும் மாஸ்டர்பேட்ச் எதில் செய்தது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்பது பெரும்பாலும் பாலிஎதிலீன் அடிப்படை. அது ஸ்டைரீன் வகைப் பொருளில் ஒட்டாது. கேட் (பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) பக்கத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரியும், வெல்டு லைன் (இரண்டு ஓட்டம் சந்தித்து ஒட்டும் கோடு) பலமிழக்கும். சான் (ஸ்டைரீன்-ஆக்ரிலோநைட்ரைல்) அடிப்படையில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். ஐவரிக்குள் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, மேற்பூச்சு கொடுத்த ரூட்டைல் வகையாக இருக்க வேண்டும். அனட்டேஸ் வகை வெயிலில் தானே வினைபுரிந்து தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை அரிக்கும். உங்கள் விரலில் ஒட்டும் மாவில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

வெல்டு லைன் எங்கே விழுகிறது என்று ஒரு தரம் பாருங்கள். ஷாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஷார்ட் ஷாட் (மோல்டு முழுதும் நிரம்பாத பீஸ்) வரிசை எடுத்தால் தெரிந்துவிடும். மூடிக்கு நடுவில் ஒரே கேட் என்றால் திருகு ஓட்டையின் பின் ஒட்டித்தான், அதாவது ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில், இரண்டு ஓட்டமும் சந்திக்கும். நீங்கள் சொன்ன விரிசல் ஓடும் வழியும் அதுவே. கேட்டை மாற்ற முடியாது. ஓட்டைக்கு வெளிப்பக்கச் சுவரைக் கொஞ்சம் கூட்டி, அந்த முனையில் காற்று வெளியேறும் வென்ட்டைச் சுத்தமாக வைத்து, மெல்ட்டை 10 டிகிரி ஏற்றினால் கோடு நன்றாக ஒட்டும்.

கறுப்புக் குருணை

பிபி கறுப்பு என்ற யோசனையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். சரியாகச் செய்தால் விலைக்கு அதைவிட உழைக்கும் பொருள் குறைவு. சரியாகச் செய்தால் என்பதுதான் விஷயம்.

வெறும் பிபி வெயிலில் ஏபிஎஸ்ஸை விட மோசம், சில மாதத்தில் பொடிந்துவிடும். அதைக் காப்பாற்றுவது கார்பன் பிளாக். குடிநீர் எச்டிபிஇ குழாய்க்கான ஐஎஸ் 4984 கேட்பது 2.5 சதவீதம், கூட்டக் குறைக்க அரை. பல வருடம் வெயிலில் கிடந்தும் கறுப்புக் குழாய் உழைக்கிறது என்றால் காரணம் இந்த அளவும், அது சீராகப் பரவியிருப்பதும், துகள் சுமார் 20 நானோமீட்டர் அளவில் நுண்ணியதாக இருப்பதும்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 40 சதவீதம் கார்பன் உள்ள மாஸ்டர்பேட்ச் என்றால் 100 கிலோ கலவையில் 6 கிலோ போட்டால்தான் 2.4 சதவீதம் வரும். பட்டறைகளில் வழக்கமாகப் போடுவது 2 கிலோ, ஏனென்றால் 2 கிலோவிலேயே நன்றாகக் கறுத்துவிடும். அப்போது உள்ளே இருப்பது 0.8 சதவீதம். மாஸ்டர்பேட்ச் மலிவுச் சரக்காக இருந்தால் பாதி சுண்ணாம்புத்தூள், அதற்கும் கீழே போகும். கண்ணுக்குக் கறுப்பு, கதிருக்குக் கண்ணாடி. ஒரு குருணையைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து முழுவதும் எரித்துப் பாருங்கள். நல்ல சரக்கில் கார்பனும் எரிந்து போய் அடியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. வெள்ளைச் சாம்பல் குவிந்து நின்றால் அது நிரப்பி.

கார்பன் போட்டாலும் ஹால்ஸ் (வெயில் சிதைவைத் தடுக்கும் அமீன் வகை) நிலைப்படுத்தி சேர்த்த கிரேடு வாங்குவது நல்லது. அதிலும் ஒரு எச்சரிக்கை. சாதாரண ஹால்ஸ் காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டால் செயலிழக்கும். கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் திராட்சைக்குச் சாம்பல் நோய் வராமல் கந்தகம் தெளிப்பார்கள். அங்கே போகும் பெட்டிக்கு அமினோ-ஈதர் வகை ஹால்ஸ் கேளுங்கள்.

உங்கள் மோல்டில் ஓடுமா என்றால், ஓடும், அளவு வராது. பிபி சுருக்கம் 1.5 சதவீதம் என்று வைத்தாலும் ஏபிஎஸ்ஸை விட 1 சதவீதம் கூடுதல், 180 மி.மீ. நீளத்தில் 1.8 மி.மீ. குறையும். மூடியும் அடிப்பெட்டியும் சேர்ந்தே சுருங்கும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். வெளியில் வாங்கிப் பொருத்தும் காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டின் ஓட்டை சுருங்காதே. மூடி தட்டையாக நிற்காமல் முறுக்கும், போஸுக்கு (திருகு ஏறும் உருளை மேடு) பின்னால் குழி விழும். அடுத்த மோல்டு போடும்போது பிபிக்கென்றே போடுங்கள், இந்த மோல்டில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. பிளாஸ்டிக்குக்குள் பித்தளை இன்சர்ட் (பதிக்கும் மரை) வைக்கும் பழக்கம் இருந்தால், செம்பு அயனி பிபியின் சிதைவைத் தூண்டிவிடும். அதற்கென்று உலோகச் செயலிழப்பி சேர்த்த கிரேடு தனியாக உண்டு.

பேனல் வயரிங்

எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். விரிசல் திருகு ஓட்டையில் ஆரம்பிக்கிறது என்று கேள்வியிலேயே இருக்கிறது. ஏஎஸ்ஏ போட்டாலும் அந்த இடத்தைச் சரி செய்யாவிட்டால் அங்கேதான் மறுபடி பிளக்கும்.

மூடியில் இருப்பது சரிவுத்தலைத் திருகா? அப்படியானால் முதலில் அதை மாற்றுங்கள். சரிவான தலை ஓட்டைக்குள் இறங்க இறங்க ஆப்பு அடித்த மாதிரி பிளாஸ்டிக்கை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தட்டை அடி உள்ள தலை, வாஷரோடு சேர்ந்தது, போடுங்கள். மூடி ஓட்டையைத் திருகை விட 0.5 மி.மீ. தளர்வாக வையுங்கள். அடிப்பெட்டி போஸில் மரத்திருகைப் போட்டு ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக்குக்கென்று வரும் 30 டிகிரி மரைத் திருகு, 4 மி.மீ. என்றால் துளை 3.2, போஸ் வெளிவிட்டம் 8 முதல் 10.

எவ்வளவு இறுக்குவது? பத்து அடிப்பெட்டி எடுத்து டார்க் டிரைவரால் மரை கழலும் வரை திருகிப் பாருங்கள். அதில் வந்த மிகக் குறைந்த எண்ணில் பாதியை அசெம்பிளிக்கு வையுங்கள். பேட்டரி டிரில்லால் "கர்ர்" என்று இறுக்கி விடுவதுதான் பாதி விரிசலுக்கு மூலம்.

கேஸ்கட் என்ன போடுகிறீர்கள்? மென்மையான பிவிசி பட்டை என்றால் அதிலுள்ள பிளாஸ்டிசைசர் கசிந்து ஏபிஎஸ், ஏஎஸ்ஏ, பிசி மூன்றையும் தகைவு உள்ள இடத்தில் வெடிக்க வைக்கும். நைட்ரைல் ரப்பர் ஓசோனில் பிளவுபடும். இபிடிஎம் ரப்பர் அல்லது சிலிக்கான் போடுங்கள். புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் வேண்டாம், அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பு முனையைப் பச்சையாக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் துடைக்க பெட்ரோல், தின்னர் பயன்படுத்தக் கூடாது என்று மூடியின் உள்பக்கமே தமிழில் பொறித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

தீ விஷயம். சாதாரண ஏஎஸ்ஏ எரியும், தானாக அணையாது. மூடிக்கு அது பெரிய தடையில்லை. ஆனால் மின்சாரம் ஓடும் பாகத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் வேறு கணக்கு. மின் பேனல்களுக்கான தரநிலை ஐஎஸ்/ஐஇசி 61439-1 கேட்கும் சூட்டுக்கம்பிச் சோதனையில் (காய்ந்த கம்பியைப் பிளாஸ்டிக்கில் வைத்துப் பார்ப்பது), மின் பாகத்தைத் தாங்குவதற்கு 960 டிகிரி, அப்படித் தாங்காத மற்ற பாகத்துக்கு 650 டிகிரி. எனவே காண்டாக்டரையும் முனைப்பலகையையும் இரும்புத் தட்டில் ஏற்றி, அந்தத் தட்டை எர்த் செய்து, பிளாஸ்டிக்கை வெறும் உறையாக மட்டும் வைப்பது நிம்மதி.

பீளமேடு மோல்டர்

எல்லோருக்கும் மிக்க நன்றிங்க. பட்டையை அறுத்து மடக்கிப் பார்த்தேன், சொன்ன மாதிரியே ஒரு பக்கம் முறிந்தது, ஒரு பக்கம் வளைந்தது. திருகும் சரிவுத்தலைதான், மாற்றிவிடுகிறேன். தட்டு ஏற்கெனவே இரும்புதான்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஏஎஸ்ஏ என்று விற்பது உண்மையிலேயே ஏஎஸ்ஏதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எரித்தால் ஏபிஎஸ் மாதிரியே கரும்புகை வருகிறது. இரண்டாவது, ஐந்து வருடம் காத்திராமல் எப்படிச் சோதிப்பது?

பாலிமர் மேசை

எரித்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. தண்ணீரில் போட்டாலும் இரண்டும் மூழ்கும். எஃப்டிஐஆர் (பொருள் எந்த அகச்சிவப்பு அலைகளை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஆய்வகச் சோதனை) எடுங்கள், ஒரு குருணை போதும். வரைபடத்தில் அலை எண் 966-ல் முள் (கூர்முனை) நின்றால் பியூட்டாடையீன் இருக்கிறது என்று பொருள். ஏஎஸ்ஏவில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும், அதற்குப் பதில் 1730 பக்கம் அக்ரிலேட்டின் கார்பனைல் முள் பெரிதாக நிற்கும். 2237-ல் வரும் நைட்ரைல் முள் இரண்டுக்கும் பொது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1730-ம் 966-ம் சேர்ந்து வந்தால் ஏபிஎஸ் கலந்த சரக்கு. முதல் லாட்டுக்கு மட்டுமல்ல, சப்ளையர் மாறும் ஒவ்வொரு தடவையும் எடுங்கள். கிண்டி சிப்பெட் மாதிரி பிளாஸ்டிக் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சோதனைக்கு: 61439-1-லேயே வெளிப்புறப் பிளாஸ்டிக் உறைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஐஎஸ்ஓ 4892-2 முறையில் செனான் விளக்கின் கீழ், இடையிடையே தண்ணீர் தெளித்து, 500 மணி நேரம். அதன்பின் வளைவு வலிமையும் சார்ப்பி அடி வலிமையும் முன்பிருந்ததில் 70 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். இது குறைந்தபட்சக் கதவு. உங்கள் பழைய ஏபிஎஸ்ஸையும் புது ஏஎஸ்ஏவையும் ஒன்றாகப் போட்டு, 500-ல் நிறுத்தாமல் 1000, 2000 என்று எடுத்துப் பாருங்கள். இந்த மணி நேரத்தை வருடமாக மாற்றும் சூத்திரம் என்று யாராவது கொடுத்தால் நம்ப வேண்டாம். ஏபிஎஸ் வயலில் எவ்வளவு நாளில் விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். செனான் சோதனைப் பெட்டிக்குள் அது எத்தனை மணியில் விழுகிறது, அதே அடையாளத்தை ஏஎஸ்ஏ எத்தனை மணியில் தொடுகிறது என்று ஒப்பிடுவதுதான் நேர்மையான வழி. யூவிபி-313 விளக்கு போட்டுச் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூரிய ஒளி தரையில் தராத குறுகிய அலைகளையும் அது தருகிறது, வரிசையே மாறிவிடும்.

கூடவே இன்றைக்கே பத்து மூடியைத் திருகு இறுக்கியபடியே மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து 10–15 டிகிரி சாய்வில் கட்டிவிடுங்கள். அதே லாட்டில் இரண்டை இருட்டு அலமாரியில் வைத்துத் தேதி எழுதுங்கள், ஒப்பிட அதுதான் துணை. மூன்று மாதத்துக்கு ஒன்றைக் கழற்றி அதே பட்டை மடக்கும் சோதனையைச் செய்யுங்கள். பளபளப்பு போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முதலில் போகும். வெளிவளைவில் மடக்கும்போது முறிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஷாப் ஃப்ளோர்

ஒன்று விட்டுப்போச்சு. முதல் ஏஎஸ்ஏ லாட் ஓடியதும், மூடியின் உள்பக்கத்தில் பொருள் பெயர், மாதம், வருடம் காட்டும் தேதிச் சக்கர இன்சர்ட் போட்டுவிடுங்கள். மோல்டில் 8 மி.மீ. துளை ஒன்றுதான் வேலை. இரண்டு வருடம் கழித்து ஒன்று வெடித்துத் திரும்பி வந்தால், அது பழைய ஏபிஎஸ்ஸா புது ஏஎஸ்ஏவா, எந்த லாட் என்று கையில் எடுத்ததும் தெரியும்.